அக்காவின் ஹெட் கேஸ்கட்

வண்டி ஓட்டத் தெரியாதவரால் ஊருக்கு ஒரு ஆபத்தும் இல்லை. அவர் பாட்டுக்குப் பேசாமல் பஸ்ஸில் போய்விடுவார். வண்டி ஓட்டத் தெரிந்தவராலும் அவ்வளவு மோசமில்லை. ஆனால் வண்டி ரிப்பேரைச் செல்போனில் வீடியோ பார்த்தே கற்றுத் தேறியவர் ஒருவர் இருக்கிறாரே, அவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் அந்த ரகம். என்னிடம் ஒரு ஸ்பேனர்கூடக் கிடையாது. ஆனால் வண்டிப் புகை என்ன நிறத்தில் வந்தால் உள்ளே என்ன வியாதி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (தப்பாகத்தான் சொல்வேன். அது வேறு விஷயம்.)

எனக்கு இஞ்சின் மேல் அப்படியொன்றும் காதல் இல்லை. வலங்கைமானில் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். என் கணவர் பஷீர் கல்யாணமான மறு வருஷமே வளைகுடாவுக்குப் போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்து, வந்த களைப்புத் தீர்வதற்குள் பெட்டி கட்டிவிடுவார். ஒரே மகள் ரிஸ்வானா, அவளும் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். வீட்டுக்குள் ஒரு ஆண்குரல் கேட்க வேண்டுமென்றால் கரண்ட் ரீடிங் எடுப்பவர் வந்தால்தான் உண்டு. அப்படி இருக்கையில் ஒரு மத்தியானம், மீன் குழம்பு வீடியோ முடிந்ததும் தானாக அடுத்தது ஓடியது. ரேடியேட்டர் சுத்தம் செய்வது எப்படி. அந்த மனுஷர் பதறாமல் பேசினார். "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆவாது, நான் சொல்றேன், மெதுவா பாருங்க" என்றார். என்னிடம் யாரும் அப்படிப் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. அன்றிலிருந்து வெங்காயம் நறுக்கினாலும் அவர்தான், துணி மடித்தாலும் அவர்தான். மிக்ஸி ஓடும்போது வால்யூமைக் கூட்டிவைத்துக்கொள்வேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும் ஹெட் கேஸ்கட்டும் என் வீட்டுக்கு வந்து குடியேறியது இப்படித்தான்.

அப்புறம் அந்தக் கார். ஒரு லீவில் வந்தபோது என் கணவர் பழசாக வாங்கிய வெள்ளைக் கார். வாங்கும்போதே அதற்கு வயசாகியிருந்தது. அவர் லீவில் வந்தால் ஓடும், மற்றபடி கொல்லைப்புற ஷெட்டில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். (நிஜமாகவே போர்வைதான். அவர் கொண்டுவந்த புலி படம் போட்ட கம்பளி.) ராத்திரி ஃபோனில் பேசும்போது அவர் முதலில் கேட்பதே அதைத்தான்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணி விட்டியா?"

"விட்டேங்க."

"நல்லா இருக்கா?"

"இருக்கு."

"பேட்டரி இறங்கிடப் போவுது, பாத்துக்க."

நான் எப்படி இருக்கிறேன் என்ற கேள்வியும் வரும். வராது என்று சொன்னால் பாவம். ஆனால் வண்டிக்கு அடுத்தபடியாகத்தான் வரும்.

தினம் ஸ்டார்ட் பண்ணிவிட்டு இஞ்சின் ஓடுகிற நேரம் சும்மா நிற்பானேன் என்று உள்ளே உட்கார ஆரம்பித்தேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. டீயைக்கூட எடுத்துக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து குடிப்பேன். பக்கத்து சீட் காலியாக இருக்கும். அன்றைக்கு நடந்ததையெல்லாம் அந்தக் காலி சீட்டிடம் சொல்லுவேன். உட்கார்ந்தே இருக்கிறோமே, ஓட்டித்தான் பார்ப்போமே என்று கும்பகோணத்தில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். லைசென்ஸும் வாங்கினேன். அவருக்குச் சொல்லவில்லை. தெருவுக்குள்ளேயே ஒரு சுற்று, பள்ளிவாசல் வரை போய்த் திரும்பினால் முடிந்தது என் பயணம்.

ஒரு தை மாசக் கடைசியில் ஃபோன் வந்தது. அவர் கேன்சலில் வருகிறார். விசாவை முடித்துக்கொண்டு, திரும்பிப் போகாமல் ஒரேயடியாக வருவதை எங்கள் பக்கத்தில் 'கேன்சல்ல வர்றாங்க' என்போம். இருபது வருஷத்துக்கு மேல் நான் காத்திருந்த வார்த்தை அது. சனிக்கிழமை வருவதாக ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. கடைசி நேரத்தில் டிக்கெட் வெள்ளிக்கிழமைக்கு மாறிவிட்டது. ஃபோனில் அவசரமாகச் சொன்னார்:

"நாளைக்கே வர்றேன். ஃப்ளைட் மத்தியானம் திருச்சில இறங்கிடும். தம்பிகிட்ட சொல்லிடு, என்ன?"

"சொல்லிடறேங்க" என்றேன்.

சொல்லவில்லை.

தம்பி என்பது என் கொழுந்தனார் ஜமால். நல்ல மனுஷர்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அண்ணன் வருகிறார் என்றால் வேன் பிடித்து, சொந்தபந்தத்தையெல்லாம் ஏற்றிக்கொண்டு திருச்சி போய், மாலை மரியாதை இல்லாத குறையாகக் கூட்டிவருவார். வேனில் எல்லாருக்கும் இடம் இருக்கும். எனக்கு மட்டும் வீட்டில் பிரியாணி இருக்கும். ஒவ்வொரு லீவுக்கும் இதே கதை. அவர் வந்து இறங்கினால் வீடு நிறைய ஆள். நான் அடுப்படியில் நின்று எட்டிப் பார்ப்பேன். எல்லாரும் சாப்பிட்டு, சோப்பும் சென்ட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அவர் உட்கார்ந்தபடியே தூங்கியிருப்பார். ஏர்போர்ட் கதவைத் திறந்துகொண்டு அவர் வெளியே வரும் அந்த நேரத்தில் அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஜமாலுக்குத் தெரியும். வேன் டிரைவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. இந்தக் கடைசித் தடவையாவது நான் பார்க்க வேண்டும் என்று இருந்தது. திருச்சியிலிருந்து வீடு வரைக்கும் அவரும் நானும் மட்டும் பேசிக்கொண்டே வர வேண்டும் என்று இருந்தது. பேராசை என்றால் பேராசைதான்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியை நானே பிரித்தெடுத்தேன். பிரித்தெடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அறுவடை ஆரம்பித்துவிட்டால் வயல் எலியெல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். முந்தின வருஷம் இஞ்சினுக்குள் குடித்தனம் நடத்தி, வயரையெல்லாம் தின்றுவிட்டது. அதனால் இந்தத் தடவை எலி நுழையாமல் வண்டியில் இருந்த ஓட்டை உடைசல் எல்லாவற்றையும் நானே அடைத்து வைத்திருந்தேன். புகைக்குழாயில் பழைய துணி (ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் உருவிக்கொள்வேன்), அடியில் சாக்கு, கையில் கிடைத்த இடத்திலெல்லாம் அட்டை. ஒவ்வொன்றாக எடுத்தேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். (இந்த 'நினைத்துக்கொண்டேன்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) அவர் போன லீவில் கொண்டுவந்து, நான் மடிப்புக் கலையாமல் வைத்திருந்த கறுப்பு புர்காவை உடுத்திக்கொண்டு, பிஸ்மில்லா சொல்லிக் கிளம்பினேன்.

ஆவூர் வழியாகப் பாபநாசம் வரை ராணி மாதிரி போனேன். ரோட்டில் பாதியை நெல் காயப்போட்டு மறித்திருந்தார்கள். மீதிப் பாதியில் நானும் லாரியும் எதிரெதிரே வந்தோம். லாரிக்காரர் பயந்து ஒதுங்கினார். ஏசி மட்டும் சூடாக ஊதியது. கேஸ் தீர்ந்திருக்கும் என்று கண்டுபிடித்தேன். அன்றைய தினத்தின் முதல் கண்டுபிடிப்பு.

பாபநாசம் தாண்டியதும் இஞ்சின் சூட்டைக் காட்டும் டிகிரி முள் ஏற ஆரம்பித்தது. நடுவில் நிற்க வேண்டிய முள் மெதுவாக மேலே போய்ச் சிவப்புக் கோட்டை எட்டிப் பார்த்தது. நான் பதறவில்லை. வீடியோக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. வண்டி சூடானால் ஹீட்டரை முழுசாகத் திருப்பி வையுங்கள், இஞ்சின் சூடு உள்பக்கமாக வெளியேறிவிடும். திருப்பினேன். வெளியே உச்சிவெயில். உள்ளே ஹீட்டர். நடுவில் கறுப்பு புர்காவில் நான். இஞ்சின் சூடு உள்பக்கமாக வந்தது வாஸ்தவம், வந்தது முழுக்க என் மேல்தான். ஹஜ்ஜுக்குப் போனவர்கள்கூட அப்படி வியர்த்திருக்க மாட்டார்கள். அந்த நேரம் பார்த்து ரயில் கேட்டைப் போட்டுவிட்டார்கள். ரயில் வந்தபாடில்லை. முள் சிவப்பைத் தாண்டியது. கேட் திறந்து, அந்தப் பக்கம் போய், கொஞ்ச தூரத்தில் முன்பக்கம் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. ஓரங்கட்டி நிறுத்தினேன்.

நிறுத்திய இடம் அப்படிப்பட்ட இடம். நெல் கொள்முதல் நிலையம். அறுத்த நெல்லைக் கொண்டுவந்து மலை மலையாகக் குவித்துவிட்டு, எடை போடுகிறவர் எப்போது வருவார் என்று நாள்கணக்காகக் காத்துக் கிடக்கிற இடம். குவியலை விட்டு வீட்டுக்கும் போக முடியாது. மழை வந்தால் தார்ப்பாயைப் போட வேண்டும், ஆடு மாடு வந்தால் விரட்ட வேண்டும். பேச்சு தீர்ந்து, சீட்டுக்கட்டு தேய்ந்து, செய்வதற்கு ஒன்றுமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிற ஜனங்கள் முன்னால் ஆவி விட்டுக்கொண்டு ஒரு கார் வந்து நின்று, அதிலிருந்து வியர்த்து விறுவிறுக்க ஒரு பெண் இறங்கினால் அவர்கள் என்ன செய்வார்கள்? எழுந்து வந்தார்கள். அத்தனை பேரும் வந்தார்கள்.

"என்னம்மா ஆச்சு?" என்று முதலில் கேட்டவர் மாரிமுத்து. சொந்தமாக டிராக்டர் வைத்திருப்பவர், ஆகவே அங்கே அவர்தான் தலைமை டாக்டர்.

"ஓவர்ஹீட்டுங்க. தெர்மோஸ்டாட்டா இருக்கும்" என்றேன்.

கூட்டம் கொஞ்சம் பின்வாங்கியது. அந்த மரியாதை எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

பானெட்டைத் திறந்தோம். மாரிமுத்து வாய்க்கால் தண்ணீரை வாளியில் மொண்டு வரச் சொன்னார். "கூடவே கூடாது, சூட்டுல மூடியத் திறந்தா மூஞ்சியில அடிக்கும்" என்று நான் கையை விரித்துத் தடுத்தேன். அது சரியான வார்த்தைதான். அன்றைக்கு நான் சொன்னதில் சரியானது அது ஒன்றுதான். ஆறட்டும் என்று காத்திருந்து, பிறகு ஆரம்பித்தேன் என் வைத்தியத்தை.

"ரேடியேட்டருக்குப் போற மேல் ஹோஸத் தொட்டுப் பாருங்க. சூடா?"

"சூடும்மா."

"கீழ் ஹோஸ்? அது ஜில்லுன்னு இருந்தா தெர்மோஸ்டாட்டு."

"அதுவும் கொதிக்குதே!" என்று மாரிமுத்து கையை உதறினார்.

தெர்மோஸ்டாட் செத்தது, அதாவது என் தெர்மோஸ்டாட் சித்தாந்தம் செத்தது. ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்தோம். பேயாக ஓடியது. தண்ணீர் ஒழுகுகிறதா? ஒரு சொட்டு இல்லை. பெல்ட் அறுந்திருக்குமோ என்றார் ஒருவர். வாட்டர் பம்ப் என்றார் இன்னொருவர். திருஷ்டி என்றார் ஒரு பெரியவர். கூட்டத்தில் யாரோ, "ஈரப்பதம் பாத்தீங்களா? அது ஜாஸ்தியா இருந்தா இங்க எதையும் எடுத்துக்க மாட்டாங்க" என்றதும் அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விமானம் இந்நேரம் கடலைத் தாண்டியிருக்கும்.

கடைசிச் சோதனை ஒன்று பாக்கி இருந்தது. வண்டியை ஸ்டார்ட் பண்ணி, புகையில் இனிப்பு வாசனை வருகிறதா என்று பார்ப்பது. பார்ப்பது என்றால் மோந்து பார்ப்பது. பட்டப்பகலில், தஞ்சாவூர் மெயின் ரோட்டில், அத்தனை பேர் சுற்றி நிற்க, புது புர்காவோடு புழுதியில் மண்டியிட்டு, புகைக்குழாயில் மூக்கை வைத்து இழுத்தேன். இருமல் வந்து கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்த வழியாகப் போன டவுன் பஸ் நின்று பார்த்துவிட்டுப் போனது. (என் தலைவிதி, அதில் எங்கள் தெருக்காரர் ஒருவர் இருந்திருக்கிறார்.)

எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னேன்.

"ஹெட் கேஸ்கட் போயிடுச்சு."

"அடப் பாவமே" என்றார் மாரிமுத்து. பெரியவர் தலையில் கட்டியிருந்த துண்டைக்கூட அவிழ்த்துவிட்டார்.

நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் கிட்டே வந்தாள். செல்வி என்று பெயர், என்னைவிடக் கொஞ்சம் சின்னவளாக இருப்பாள்.

"அது எங்கக்கா இருக்கு?"

"உள்ள இருக்கு. இஞ்சினுக்கு நடுவுல, தண்ணி கசியாம அடைக்கற தகடு."

"உள்ள இருக்கறது போயிட்டது, வெளியில இருந்தே உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

வீடியோவில் அந்தக் கேள்வி வரவில்லை.

மாரிமுத்து தன்மையாகச் சொன்னார்: "ஃபோனப் போட்டு வீட்டு ஆம்பளைங்களை வரச் சொல்லுங்கம்மா. இது இனிமே நகராது."

ஃபோனைக் கையில் எடுத்தேன். அவருக்குப் போட முடியாது, வானத்தில் இருக்கிறார். இறங்கின பிறகும் அவருடைய அந்த ஊர் சிம் இங்கே வேலை செய்யாது. அவர் இன்றைக்கே வருவது தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். அதுவரை நான் அங்கே போய் நிற்பதைத்தான் கனவு கண்டிருந்தேன். நான் போகவில்லை என்றால் அங்கே யாருமே நிற்க மாட்டார்கள் என்று தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் உழைத்து ஓய்ந்து கடைசியாக ஊர் திரும்புகிற மனுஷன், கதவைத் திறந்துகொண்டு வந்து பார்த்தால் ஒரு ஈ காக்கா இருக்காது. என் ஒருத்தியின் பேராசையால்.

மானம் போனால் போகட்டும் என்று ஜமாலுக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம். ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும் ஜும்ஆ தொழுகையில் இருப்பார்கள். மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

அந்நேரம் பார்த்து, "டேய், எடை போட வந்துட்டாங்கடா!" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், என்னைச் சுற்றி நின்ற கூட்டம் அப்படியே கலைந்து, ஆளுக்கொரு குவியலைப் பார்த்து ஓடியது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்கள் காத்திருந்தவர் வந்துவிட்டார்.

நான் தனியாக நின்றேன். நிழல் என்று அங்கே ஒன்றும் இல்லை. வண்டியின் முன்பக்கத்தில் ஒரு முழம் நிழல் விழுந்திருந்தது. அதில் போய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன். வீட்டில் தனியாக இருக்கும்போது அழுதால் யாருக்கும் கேட்காது என்ற ஒரு வசதி உண்டு. இங்கே அதுவும் இல்லை, ஆனாலும் அழுதேன். யா அல்லாஹ், எனக்காக வேண்டாம், அவரை மட்டும் அங்கே ஒண்டியாக நிற்க வைத்துவிடாதே என்று கேட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். முகத்துக்கு நேரே வண்டியின் முன்பக்கக் கம்பி வலை. அந்தக் கம்பிகளுக்குப் பின்னாலிருந்து என் கணவரின் பெயர் என்னைப் பார்த்தது.

சூடு மூளைக்கு ஏறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். கறுப்பு மார்க்கரில், பெரிய பெரிய எழுத்தில், பஷீர் அகமது, வலங்கைமான். அவர் கையெழுத்து. அங்கிருந்து வருகிறவர்கள் பெட்டி மாறிப் போய்விடக் கூடாதே என்று அட்டைப்பெட்டி மேல் பட்டையாக எழுதுவார்களே, அதே எழுத்து.

போன லீவில் அவர் கொண்டுவந்த பெட்டி. அவர் போன பிறகு அதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. எழுத்து இருக்கிற பக்கத்தை மட்டும் வெட்டி வைத்திருந்தேன். எலிக்காக ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தபோது, நல்ல கனமான அட்டை, அளவும் அச்சாக இருக்கிறதே என்று இதை எடுத்து, ரேடியேட்டருக்கு முன்னால், கம்பி வலைக்குப் பின்னால், பாந்தமாகச் சொருகியிருந்தேன். அவர் பெயர் வெளியே தெரியும்படி. அவரே காவல் இருக்கிற மாதிரி இருக்கும் என்று. ஒரு எலியும் நுழையவில்லை. எலி நுழையாத இடத்தில் காற்று எங்கே நுழையும்? ரேடியேட்டர் மூச்சுக்கூட விட முடியாமல் பாபநாசம் வரை வந்ததே பெரிது. ஏசி சூடாக ஊதியதும் இதனால்தான். தெருவுக்குள் ஓட்டியபோது தெரியவில்லை, தூரப் பயணத்தில் தெரிந்துவிட்டது. பானெட்டைத் திறந்து பார்த்த அத்தனை பேரும் அந்த அட்டையின் விளிம்பைப் பார்த்திருக்கிறோம். தூசி படிந்து, வண்டியோடு பிறந்த பாகம் மாதிரியே இருந்தது.

மேலே இருந்து இழுத்தேன், வந்துவிட்டது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நடுரோட்டில் பைத்தியம் மாதிரி சிரித்தேன். செல்வி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள், அவர்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீர். என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா... இதுவா ஹெட் கேஸ்கட்டு?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

"என்னமோ எழுதியிருக்கே?"

"எங்க வீட்டுக்காரர் பேரு."

"அவரப் போயி அடைச்சு வச்சுட்டு வண்டி சூடாவுதுங்கறீங்களே!" என்று சொல்லிவிட்டு, எடை போடுகிற இடத்தைப் பார்த்துக் கை தூக்கிக் கத்தினாள்: "ஏய், அக்காவோட ஹெட் கேஸ்கட்டு கெடச்சுட்டது!"

மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். மாரிமுத்து மட்டும் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி ஆறியிருந்தது, குடத்துத் தண்ணீரைக் குறைந்திருந்த அளவுக்கு ஊற்றிக் கிளம்பினேன். முள் நடுவில் நின்றது. தஞ்சாவூர், செங்கிப்பட்டி தாண்டியும் நடுவிலேயே நின்றது. ஏசி கூட ஜில்லென்று வந்தது. வீடியோக்காரருக்கு மனசுக்குள் ஒரு வசவு வைத்தேன்.

திருச்சி ஏர்போர்ட் போய்ச் சேர்ந்தபோது சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களும் வரவேற்க வந்தவர்களும் எப்போதோ போயிருந்தார்கள். வாசலுக்கு வெளியே ஒரு தூணோரம் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு, தன்னுடைய அட்டைப்பெட்டி மேலேயே ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். மடியில் தண்ணீர் பாட்டில். தலைக்கு மை புதுசாக அடித்திருந்தார், ஊர் திரும்புவதற்காக. ரோட்டில் திரும்புகிற ஒவ்வொரு வேனையும் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

நான் உடனே கிட்டே போகவில்லை. போக முடியவில்லை. ஃபோனில் என்றைக்குக் கேட்டாலும் "எனக்கென்ன, நல்லாருக்கேன்" என்றுதான் சொல்வார். இத்தனை வருஷத்தில் அவர் தனியாக உட்கார்ந்திருப்பதை நான் பார்த்ததே இல்லை. அங்கேயும் அந்த அறையில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் போலிருக்கிறது. நான் ஷெட்டில் காலி சீட்டோடு பேசிக்கொண்டிருந்த நேரத்திலெல்லாம் இவர் இப்படி உட்கார்ந்திருந்திருக்கிறார்.

நடந்து போனேன். புர்கா முழுக்கப் புழுதி, மூக்கில் கரி, கையில் அட்டை. தாமதத்துக்குச் சாட்சியாக அதை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். எதிரே போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து, என் தோளுக்கு மேலே எட்டி, எனக்குப் பின்னால் தேடினார்.

"யாரும் வரலையா?" என்றார்.

எத்தனை வருஷமாக அந்த முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன்! பார்த்துவிட்டேன். அது வேனைத் தேடிக்கொண்டிருந்தது.

"வண்டி சூடாயிடுச்சுங்க" என்றேன், அட்டையை நீட்டி. அவர் தன் பெயரைத் தானே படித்தார். பக்கத்தில் அடுத்த விமானத்துக்காக டாக்ஸிக்காரர்கள் பெயர்ப் பலகையோடு நின்றார்கள். அவர்களையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"என்னை அடையாளம் தெரியாதுன்னு பேரெழுதிக்கிட்டு வந்தியா மும்தாஜு?"

"எலிக்கு வச்சதுங்க."

ஓட்டியது நான் என்று தெரிந்ததும் அவர் முகம் வெளுத்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். நான் பேச வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். 'யாரும் வரலையா'வுக்குச் சரியான பதில் செங்கிப்பட்டி தாண்டும்போது கிடைத்தது. "அப்ப நான் யாராம்?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டுவிடுவோம் என்று திரும்பினேன். வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சரி, பேசிக்கொண்டு வரவில்லை, ஆனால் சீட் காலியாக இல்லை என்று ஓட்டினேன்.

கொள்முதல் நிலையத்தில் செல்வி கை காட்டினாள். "ஹெட் கேஸ்கட்டு நல்லாருக்காக்கா?" என்று கத்தினாள். அவர் திடுக்கிட்டு விழித்து, "யாரு அது?" என்றார். "எனக்குத் தெரிஞ்சவங்க" என்றேன். எனக்குத் தெரிந்தவர்கள் என்று ஒருவர் இருப்பதே அவருக்குப் புதுசாக இருந்தது.

ஜமால் ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பஸ்ஸில் போன தெருக்காரர் புகைக்குழாய் விஷயத்தை ஊர் பூராவும் சொல்லிவிட்டார். எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும், "மும்தாஜுக்கா, எங்க வண்டிப் புகையக் கொஞ்சம் மோந்து பாருங்க" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ரிஸ்வானாவின் பிள்ளைகள் இருமினால்கூட அவள் ஃபோன் பண்ணி, "அம்மா, ஹெட் கேஸ்கட்டா இருக்குமா?" என்பாள். அந்த அட்டை ஷெட் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறது. கம்பி வலைப் பக்கம் நான் போகக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.

அவர் வந்து சேர்ந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இருபது வருஷம் தனியாக இருந்தவர்கள் இரண்டு பேர் ஒரே வீட்டில் இருப்பது எப்படி என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில், நடுவில் டி.வி. ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து கதவைத் தட்டினேன். அவர் வந்து திறந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, அவர் தோளுக்கு மேலே எட்டி, அவருக்குப் பின்னால் வீட்டுக்குள் தேடிவிட்டுக் கேட்டேன்:

"வீட்ல யாரும் இல்லையா?"

அவரும் திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். பிறகு புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அன்றைக்கு ஆரம்பித்தது, இன்றைக்கு வரை விடவில்லை. வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் கேட்பேன். சில நாள் சிரிப்பார், சில நாள் "போதும் விடு" என்பார். ஆனால் பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, கடைசியில் எல்லா நாளும் அதே பதிலைத்தான் சொல்வார்.

"நான்தான் இருக்கேன்."